ரேம், விர்ச்சுவல் மெமரி: அமைப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் பலரும் முதலில் கை வைப்பது விர்ச்சுவல் மெமரி அமைப்பில்தான். ரேம் போதாதபோது டிஸ்கில் ஒரு பகுதியையும் நினைவகமாகப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. யாரோ வீடியோவில் சொன்ன எண்ணை அப்படியே போட்டுவிட்டு, வேகம் கூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் கூடியிருக்காது. சில சமயம் முன்பு இல்லாத தொல்லை ஒன்று புதிதாக வந்து சேர்ந்திருக்கும்.

காரணம் எளிது. மெமரி பற்றாக்குறை இரண்டு விதமாக வரும். ஒன்று, கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து ஓடும். இன்னொன்று, புரோகிராம் பாதியில் செத்து விழும். விர்ச்சுவல் மெமரியைக் கூட்டினால் தீர்வது இரண்டாவது மட்டும்தான். முதல் பிரச்சினைக்கு அது மருந்தே இல்லை. உங்களுக்கு இருப்பது இரண்டில் எது என்பதை, என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் உள்ள இரண்டு எண்களே சொல்லிவிடும். அவற்றைப் படிக்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் ஐந்து நிமிட வேலை. இங்கே சொல்பவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் தங்கள் தகவலை வைத்துக்கொள்ளும் இடம் ரேம். கரண்ட் போனால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும். உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ரேம், 512 ஜிபி டிஸ்க் என்றால், நாம் பேசுவது அந்த 8 ஜிபியைப் பற்றி.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தனியாக ஒரு முகவரி வெளியைக் கொடுக்கிறது. தன் தகவல் உண்மையில் ரேமில் எந்த மூலையில் இருக்கிறது என்று புரோகிராமுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். விண்டோஸ்தான் அந்த வெளியை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து, எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. ரேமில் நெருக்கடி வந்தால், நெடுநேரமாக யாரும் தொடாத பக்கங்களை முதலில் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். இந்தச் சுருக்கும் வசதி விண்டோஸ் 10இல் வந்தது. அப்போதும் போதவில்லை என்றால் டிஸ்கில் இருக்கும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடும். அதுதான் பேஜிங் ஃபைல். விர்ச்சுவல் மெமரி அமைப்பில் நாம் மாற்றுவது இதன் அளவைத்தான். சி டிரைவில் 'பேஜ்ஃபைல்.சிஸ்' என்ற பெயரில் கண்ணில் படாமல் இருக்கும்.

இந்த உத்திக்கு வயது அறுபதுக்கு மேல். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கி வைக்கப்பட்ட அட்லஸ் கம்ப்யூட்டரில், சிறிய முதன்மை நினைவகத்தையும் டிஸ்க் போலத் தகவல் வைக்கும், அதைவிட ஆறு மடங்கு பெரிய காந்த டிரம்மையும் சேர்த்து, புரோகிராம் எழுதுபவருக்கு ஒரே நினைவகமாகக் காட்டினார்கள். இன்று உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் செய்வதும் அடிப்படையில் அதேதான்.

சரி, டிஸ்கையும் ரேம் போலப் பயன்படுத்தலாம் என்றால் எதற்காக ரேமுக்குப் பணம் செலவழிக்க வேண்டும்? வேகத்துக்காகத்தான். ரேமில் இருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) இருந்து எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நாளைத் தாண்டிவிடும். பேஜிங் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த இடைவெளி குறையாது. அதனால்தான் அளவைக் கூட்டியும் வேகம் வருவதில்லை.

டாஸ்க் மேனேஜரைப் படிப்பது எப்படி

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10இல் சின்ன ஜன்னலாக வந்தால் கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டி விரிவாக்குங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் 'மெமரி'யைத் தேர்ந்தெடுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் பிரவுசர், வேர்ட், பாட்டு என்று நாலைந்து திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

இன் யூஸ் (கம்பிரஸ்டு): 5.9 ஜிபி (420 எம்பி)
அவைலபிள்: 1.9 ஜிபி
கமிட்டட்: 9.8 / 13.2 ஜிபி
கேஷ்டு: 1.8 ஜிபி
ஹார்ட்வேர் ரிசர்வ்டு: 200 எம்பி

இடது ஓரத்தில் 76 சதவீதம் என்று இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவது இதைக் கண்டுதான். பதற வேண்டாம். இது மட்டும் எதையும் சொல்லாது. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபம் இல்லை என்பதால், நீங்கள் சற்று முன் திறந்த ஃபைல்கள், அடிக்கடி ஓட்டும் புரோகிராம்கள் ஆகியவற்றை விண்டோஸ் மீதி இடத்தில் பிடித்து வைத்திருக்கும். கேஷ்டு என்று காட்டுவது அதைத்தான். வேறு புரோகிராம் இடம் கேட்டால் அந்தக் கணமே விட்டுக்கொடுத்துவிடும். அதன் பெரும்பகுதி அவைலபிள் கணக்குக்கு உள்ளேயே அடங்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் எண் அவைலபிள். அது சில நூறு எம்பிக்குக் கீழே இறங்கி, அங்கேயே நின்றுகொண்டு, டிஸ்க்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் ரேம் பற்றவில்லை என்று பொருள். இன்னும் உறுதியாகத் தெரிய 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து அதன் மெமரி பகுதியில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' வரைபடத்தைப் பாருங்கள். தேவையான பக்கம் ரேமில் இல்லாமல் டிஸ்குக்குப் போய் எடுத்த எண்ணிக்கை அது. ஃபால்ட் என்று பெயர் இருந்தாலும் கோளாறு இல்லை. புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடங்குவது இயல்பு. அடங்காமல் நொடிக்கு நூற்றுக்கணக்கில் தொடர்ந்தால்தான் கம்ப்யூட்டர் இழுக்கும்.

இரண்டாவது எண் கமிட்டட். அதில் இரண்டு பகுதி உண்டு. வலதுபக்கம் இருப்பது உச்சவரம்பு, அதாவது ரேமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்த மொத்தம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ஹார்ட்வேர் எடுத்துக்கொண்டது போக ரேம் 7.8 ஜிபி, பேஜிங் ஃபைல் 5.4 ஜிபி, ஆக 13.2. இடதுபக்கம் இருப்பது, எல்லாப் புரோகிராம்களும் கேட்டு, 'தருகிறேன்' என்று விண்டோஸ் வாக்குக் கொடுத்த அளவு. கேட்டு வாங்கியதை எல்லாம் புரோகிராம்கள் உடனே பயன்படுத்துவதில்லை. அதனால் இன் யூஸைவிட இது அதிகமாக இருப்பது சகஜம்.

கொடுத்த வாக்கை விண்டோஸ் மீறாது. எனவே இடது எண் வலது எண்ணைத் தொட்டுவிட்டால், அடுத்துக் கேட்கும் புரோகிராமுக்கு 'இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். பிரவுசர் டேப் தானே உடைவது, கேம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறுவது, 'அவுட் ஆஃப் மெமரி' என்ற செய்தி எல்லாம் அப்போது வரும். ரேம் 70 சதவீதம்தான் நிறைந்திருக்கிறது என்று காட்டும்போதே இது நடக்கலாம். நிறையப் பேரைக் குழப்புவது இந்த இடம்தான். விர்ச்சுவல் மெமரியைக் கூட்ட வேண்டியதும் இந்த ஒரு நிலையில்தான்.

முதலில் சுமையைக் குறையுங்கள்

எந்த அமைப்பையும் தொடும் முன் இதைச் செய்துவிடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே காரியம் முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறந்தால், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் புரோகிராம்கள் வரிசையாக இருக்கும். சாட் செயலிகள், கேம் லாஞ்சர்கள், அப்டேட்டர்கள் போன்றவற்றை ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுக்கலாம். புரோகிராம் அழியாது, நீங்கள் திறக்கும்போது மட்டும் ஓடும். ஆன்ட்டிவைரஸ், டச்பேட், ஆடியோ டிரைவர் (அந்தந்த ஹார்ட்வேரை இயக்கும் புரோகிராம்) சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பிரவுசர். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிக ரேம் சாப்பிடுவது அனேகமாக இதுதான். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று அதில் தெரியும். குரோமில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' என்ற வசதிகளை இயக்கி வைத்தால், பார்க்காமல் கிடக்கும் டேப்கள் பிடித்திருக்கும் இடம் திரும்பக் கிடைக்கும்.

காலையில் நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் மாலைக்குள் தவழ ஆரம்பித்தால், ஏதோ ஒரு புரோகிராம் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகிறது என்று சந்தேகப்படுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய், தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' வழியாகக் 'கமிட் சைஸ்' என்பதைச் சேர்த்து, அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும் பெயர்தான் குற்றவாளி. அதைப் புதுப்பியுங்கள் அல்லது தூக்கிவிடுங்கள். எந்தப் பெயரிலும் ஏற்றம் தெரியவில்லை, ஆனால் மெமரி பக்கத்தில் 'நான்-பேஜ்டு பூல்' (டிஸ்குக்குத் தள்ள முடியாமல் விண்டோஸும் டிரைவர்களும் பிடித்திருக்கும் ரேம்) மட்டும் சில ஜிபிக்குப் போய்விட்டது என்றால் தப்பு ஏதோ ஒரு டிரைவரில். நெட்வொர்க் கார்டு, கிராபிக்ஸ் கார்டு டிரைவர்களில் இருந்து பார்க்கத் தொடங்கலாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்வதும் 'ரீஸ்டார்ட்' கொடுப்பதும் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸ் தன் உட்கருவின் (டிரைவர்களும் சேர்ந்த மையப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொண்டு எழும். டிரைவர் திருப்பித் தராமல் பிடித்திருந்த மெமரியும் அதோடு கூடவே திரும்பி வரும். மெமரியைச் சுத்தமாகத் தொடங்க வைப்பது ரீஸ்டார்ட்தான்.

விர்ச்சுவல் மெமரியை மாற்றும் முறை

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருக்க வேண்டும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். 'அட்ஜஸ்ட் த அப்பியரன்ஸ் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆஃப் விண்டோஸ்' என்று ஒரு வரி வரும். அதைத் திறங்கள்.

2. வரும் ஜன்னலில் 'அட்வான்ஸ்டு' டேபுக்குப் போனால் கீழ்ப்பாதியில் 'விர்ச்சுவல் மெமரி' இருக்கும். அங்கே 'சேஞ்ச்' பட்டனை அழுத்துங்கள்.

3. உச்சியில் 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ் பேஜிங் ஃபைல் சைஸ் ஃபார் ஆல் டிரைவ்ஸ்' என்று ஒரு பெட்டி. அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லை, ஏன் என்றும் தெரியவில்லை என்றால், டிக் போட்டு ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

4. நீங்களே அளவு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அந்த டிக்கை எடுத்துவிட்டு, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கஸ்டம் சைஸ்' போட்டு, 'இனிஷியல்', 'மேக்சிமம்' இரண்டையும் நிரப்புங்கள். இரண்டுமே எம்பி கணக்கு. 4 ஜிபி என்றால் 4096, 8 ஜிபி என்றால் 8192, 16 ஜிபி என்றால் 16384.

5. 'செட்' பட்டனை அழுத்துங்கள். அதை அழுத்தாமல் நேராக ஓகே கொடுத்தால் நீங்கள் போட்ட எண் ஏறாது. புதியவர்கள் அதிகமாகத் தவறவிடும் படி இதுதான்.

6. ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் எண்ணின் வலதுபக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தானியங்கி அமைப்பை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அது நிலைமைக்கேற்ப வளரும். ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் எது பெரிதோ அதுவரை போகும். ஆனால் டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 128 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் மூன்று மடங்கு 24 ஜிபி, எட்டில் ஒரு பங்கு 16 ஜிபி. ஆக 16 ஜிபியோடு நின்றுவிடும். இது வளர வேண்டுமானால் சி டிரைவில் இடம் இருக்க வேண்டும் அல்லவா? அங்கே இரண்டு மூன்று ஜிபிதான் மிச்சம் என்றால் எந்த அமைப்பும் உதவாது. மெமரி பற்றவில்லை என்று புலம்பும் கம்ப்யூட்டர்களில் சி டிரைவ் நிரம்பி வழிவதைப் பார்க்கலாம். அங்கே முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள்.

எவ்வளவு என்று தீர்மானிப்பது

'ரேமைப் போல ஒன்றரை மடங்கு' என்ற பழைய வாய்ப்பாடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரேம் சில நூறு எம்பி இருந்த காலத்துக் கணக்கு அது. 32 ஜிபி ரேம் வைத்திருப்பவர் அதை நம்பி 48 ஜிபி டிஸ்கை ஒதுக்குவதில் அர்த்தம் இல்லை. ரேம் குறைவாக இருப்பவருக்குத்தான் பேஜிங் ஃபைல் அதிகம் தேவைப்படும். வாய்ப்பாடோ தலைகீழாகச் சொல்கிறது.

அளந்து பார்த்துப் போடுவதே சரியான வழி. உங்கள் வழக்கத்தில் எது மிகக் கனமான வேலையோ, வீடியோ எடிட்டிங், பெரிய கேம், இருபது முப்பது டேப், எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து ஓட்டுங்கள். கமிட்டட் இடது எண் எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 14 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ரேம் 8 ஜிபி. கழித்தால் 6. இனிஷியல் 6144 என்றும், எதிர்பாராமல் கூடினால் இருக்கட்டும் என்று மேக்சிமம் 12288 என்றும் போடலாம். உச்சத்திலும் 14 ஜிபிதான், ரேமே 32 ஜிபி இருக்கிறது என்றால் தானியங்கியை விட்டு விலகக் காரணமே இல்லை.

ரேம் நிறைய இருக்கிறது என்று 'நோ பேஜிங் ஃபைல்' போடுவதை மட்டும் செய்யாதீர்கள். யாரும் தொடாத பக்கங்களை வெளியே தள்ள வழியில்லாமல் அவை ரேமிலேயே தங்கிவிடும், உச்சவரம்பும் சுருங்கிவிடும். விண்டோஸே செயலிழந்து நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், காரணத்தைப் பதிவு செய்ய விண்டோஸ் பயன்படுத்துவதும் இந்த ஃபைலைத்தான். அதையும் இழப்பீர்கள்.

எஸ்எஸ்டியில் பேஜிங் ஃபைல் இருந்தால் அது தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். விண்டோஸ் 7 வந்த சமயத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தரவின்படி, இந்த ஃபைலில் ஒரு முறை எழுதினால் ஏறத்தாழ 40 முறை படிக்கப்படுகிறது. அதுவும் சின்னச் சின்னத் துண்டுகளாக. எஸ்எஸ்டி நன்றாகச் செய்யும் வேலையே அதுதான். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் ஃபைலை எஸ்எஸ்டியிலேயே விடுங்கள். ஒரே டிஸ்கை சி, டி என்று பிரித்து வைத்திருப்பவர்கள் பேஜிங் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றுவதால் வேகத்தில் எந்த மாற்றமும் வராது. சி டிரைவில் இடநெருக்கடி என்றால் மட்டும் அது ஒரு வழி.

நம்ப வேண்டாதவை

'ரேம் பூஸ்டர்', 'மெமரி கிளீனர்' என்று வரும் புரோகிராம்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பக்கங்களைக் கட்டாயமாக வெளியே தள்ளும். சதவீதம் சடாரென இறங்கும், பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த நிமிடம் நீங்கள் பிரவுசருக்குத் திரும்பினால், தள்ளியதை எல்லாம் மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். லாபம் எதுவும் இல்லை, அந்தப் புரோகிராம் பிடிக்கும் ரேம் வேறு நஷ்டம்.

'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' போய் 'மேக்சிமம் மெமரி' பெட்டியில் டிக் போட்டால் முழு ரேமும் வேலை செய்யும் என்று சொல்வார்கள். அது விண்டோஸ் பயன்படுத்தும் ரேமுக்கு வரம்பு கட்டும் இடம். டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எப்போது ரேம் வாங்க வேண்டும்

வழக்கமான வேலையிலேயே அவைலபிள் அடிமட்டத்தில் கிடந்து, ஹார்ட் ஃபால்ட்ஸ் ஓயவில்லை என்றால் அமைப்புகளோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். 8 ஜிபிக்குக் கீழே இருப்பவர்களுக்கு ரேம் கூட்டுவதுதான் வழி. இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓட்டுகிறவர்கள் எஸ்எஸ்டிக்கு மாறினால், பேஜிங் நடக்கும்போது கூட கம்ப்யூட்டர் உறையாமல் ஓடும். இரண்டில் ஒன்றுதான் இப்போது முடியும் என்றால் நான் எஸ்எஸ்டியைச் சொல்வேன்.

வாங்கும் முன் அதே மெமரி பக்கத்தின் கீழே பாருங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்றால் இன்னொன்று செருக இடம் இருக்கிறது. 'ஃபார்ம் ஃபேக்டர்' டிம் என்றால் டெஸ்க்டாப் ரேம், சோடிம் என்றால் லேப்டாப் ரேம், 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டெஸ்க்டாப்பில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான் என்றாலும் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், அழுத்திச் செருகப் பார்க்காதீர்கள். ஒரே அளவில் இரண்டாகப் போட்டால் டூயல் சேனலில், அதாவது ஒரே சமயத்தில் இரண்டு வழிகளில் தகவல் போய்வரும்படி ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அதன் பலன் நன்றாகவே தெரியும். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' போய் உங்கள் விண்டோஸ் 64-பிட்தானா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீடுகளில் இருக்கும் 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடாது.

புதிய ரேம் போட்ட அன்றே ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டிவிடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிச் சோதனை செய்யும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ரேமைக் கழற்றி, ஸ்லாட்டை மாற்றிச் செருகி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஸ்லாட் மாறியும் பிழை வந்தால் பெரும்பாலும் ரேம்தான் பழுது, வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள். முன்பு கஸ்டம் சைஸ் போட்டிருந்தால் அந்த எண் புதிய ரேமுக்கு ஏற்பத் தானாக மாறாது. அதே ஜன்னலுக்குப் போய் தானியங்கி டிக்கைத் திரும்பப் போட்டு, ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்துவிடுங்கள்.